எத்தனை மணிக்கு எழுந்தாய்?

மாணவர்களுக்கு மனநல ஆலோசனை கூறுவது என் உத்தியோகம் என்று கேட்டவுடனே, நான் நாள்தோறும் உபதேசம் செய்து பிழைப்பவன் என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையிலோ, இத்தொழிலில் பழகப் பழக உபதேசம் உதிர்ந்துபோய், மிகச் சாதாரணமான சில கேள்விகளே கையில் மிஞ்சுகின்றன.

கறம்பக்குடியிலிருந்தும் மணமேல்குடியிலிருந்தும் பொன்னமராவதிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் காலைப் பஸ்ஸைப் பிடித்துப் புதுக்கோட்டைக்குப் படிக்க வரும் பிள்ளைகளில், தம் சித்தத்தில் சஞ்சலம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு என் அறைக்குள் நுழைந்தவர் மிகச் சிலரே. தலைவலி என்பார்கள், நெஞ்சு படபடக்கிறது என்பார்கள், "ஒண்ணுமில்ல சார், தூக்கந்தான் வரமாட்டேங்குது" என்பார்கள். துயரம் இங்கே தேகத்தின் வழியாகவே வருகிறது. அதைப் பாசாங்கு என்று தள்ளுவது அநியாயம். ஆகவே நானும் தேகத்திலிருந்தே தொடங்குகிறேன்: எத்தனை மணிக்கு எழுந்தாய், காலையில் என்ன சாப்பிட்டாய், எந்தப் பஸ்ஸில் வந்தாய், உட்கார இடம் கிடைத்ததா? இவற்றுக்கு விடை சொல்ல எவரும் வெட்கப்படுவதில்லை. ஆயினும், விடியுமுன்பே விழிப்பு வந்து மறுபடி உறக்கம் கூடுவதில்லை, ஆசையாய் உண்டதெல்லாம் ருசியற்றுப் போயிற்று, இப்படி இரண்டு வாரத்துக்கு மேலாகிறது என்று ஒரு பெண் சொல்வாளானால், மனச்சோர்வின் லட்சணங்களில் பாதியை அவள் தானறியாமலே சொல்லிவிட்டாள். மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தலைகாட்டுகின்றன என்று ஆய்வாளர் கூறுகையில், கல்லூரிப் பருவத்துத் தூக்கமின்மையை வயதுக்கோளாறு என்று சிரித்துக் கழிக்க எனக்குத் துணிவில்லை.

தேகத்தைக் கேட்டபின் வீடு தானாகவே வரும். தகப்பனார் சிங்கப்பூரில், தாயார் நூறு நாள் வேலையில், அக்குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் இந்தப் பிள்ளை. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே இரவில் சாய்த்த தென்னந்தோப்புகளோடு கீரமங்கலம், வடகாடு வட்டாரத்துப் பல வீடுகளின் வரவுசெலவும் சாய்ந்தது. அன்று பள்ளியில் இருந்தவர்கள் பின்பு கல்லூரிக்கு வந்தபோது, ஓர் 'அரியர்' விழுந்தால் அதைப் பரீட்சைத் தோல்வியாக அல்ல, வீட்டுக் கடனில் தாம் ஏற்றிய வட்டியாகவே எண்ணினார்கள். "தைரியமாயிரு" என்னும் சொல் அங்கே எதற்கு உதவும்? அடுத்த தேர்வு எப்போது, கட்டணம் எவ்வளவு, யாரிடம் கையொப்பம் பெறவேண்டும் என்று கூட உட்கார்ந்து காகிதத்தில் எழுதித்தருவது அதைவிட மேலான மருந்து.

எனினும் ஒரு கேள்வியை மட்டும் சுற்றிவளைத்துக் கேட்கலாகாது. "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதுண்டா?" என்று நேராகவே கேட்கவேண்டும். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று ஆசிரிய நண்பர்கள் அஞ்சுகிறார்கள். ஆராய்ச்சி அந்த அச்சத்துக்கு இடந்தரவில்லை. கேட்டவுடன் அழுதவர்கள் உண்டு, கோபித்தவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் நெடுநேரம் பேசுகிறார்கள்.

மருந்து வேண்டியவர்களை மருத்துவரிடம் சேர்ப்பது என் வேலையில் கடினமான பகுதி. கோடாங்கியிடமும் தர்காவுக்கும் போய்வந்த தாய்மாரோடு நான் வழக்காடுவதில்லை; அங்கும் போங்கள், ஆஸ்பத்திரிக்கும் வாருங்கள் என்பேன். 2010-ல் சென்னையின் ஸ்கார்ஃப் என்னும் மனநலத் தொண்டு நிறுவனம் இம்மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பத் தொடங்கியது. அதற்குள்ளிருந்த திரையில் சென்னை மருத்துவர் பேசுவார், மாத்திரை அங்கேயே கிடைக்கும். திரையைக் காட்டிலும், வீடு வீடாய்ச் சென்று நோயாளியை அழைத்துவந்த உள்ளூர்ப் பணியாளர்களே அதன் ஜீவன் என்பது என் அபிப்பிராயம். இன்று ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 14416 என்னும் அரசு மனநல உதவி எண்ணில் இரவுபகலாய்ப் பேசவும் ஆள் இருக்கிறது. ஆயினும் முதன்முறை கூடச் சென்று வரிசையில் நிற்க ஒருவர் வேண்டியிருக்கிறது.

உயிரை விடும் எண்ணம் உண்டு என்று சொன்னது விவசாய வீட்டுப் பிள்ளையானால், அன்று மாலையே தாயாரிடமோ மாமாவிடமோ பேசி, வயலுக்கு அடிக்கும் மருந்து எங்கே இருக்கிறது என்று விசாரித்து, அதை வேறிடத்தில் பூட்டிவைக்கச் சொல்கிறேன். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் அதை ஊர்ப் பொதுப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டும் முறையைச் சோதித்தார்கள். அப்படியொரு பெட்டகம் எங்கள் பக்கத்து ஊர்களில் வைக்க இடம் தரவேண்டுமென்று ஊராட்சித் தலைவர்களைக் கேட்டுவருகிறேன். சாவி யாரிடம் இருப்பது என்பதில்தான் இன்னும் பேச்சு நடக்கிறது.