முள் சொல்வது மெய்தானா

அந்தமானில், நீல் தீவின் காய்கறி மூட்டைகள் போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் வந்து இறங்கும். 2018-இல் அந்தத் தீவுக்கு ஷாஹீத் தீவு என்று பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேரும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. துறையில் சுமை தூக்குகிறவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்கள்தான். அந்த மூட்டைகளை அபர்தீன் பஜாருக்கு ஏற்றிச் செல்பவை பழைய டீசல் பிக்கப் வண்டிகள். என் சித்தப்பாவின் வண்டியும் அவற்றில் ஒன்று. அதன் எஞ்சினில் இருக்கும் மிகச் சிறிய, மிக மலிவான உறுப்புகளில் ஒன்றைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். எஞ்சின் தண்ணீரின் சூட்டை அளந்து டாஷ்போர்டு முள்ளுக்குச் சொல்லும் சென்சார் அது. கட்டைவிரல் அளவு பித்தளை. அது சொல்வதை நம்பித்தான் ஓட்டுநர் வண்டியை ஓட்டுகிறார், அல்லது ஓரங்கட்டுகிறார்.

சித்தப்பாவின் வண்டியில் அந்த முள் பல மாதங்களாக நிலைகொள்ளாமல் இருந்தது. சில நாள் சாவியைத் திருப்பியதுமே, எஞ்சின் ஓடத் தொடங்கும் முன்பே, சிவப்பில் போய் நிற்கும். சில நாள் முழு லோடோடு மேட்டில் ஏறினாலும் அடியிலேயே கிடக்கும். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ரேடியேட்டரைக் கழுவச் சொன்னார் ஒருவர், வாட்டர் பம்பை மாற்றச் சொன்னார் இன்னொருவர். "தெர்மோஸ்டாட்டக் கழட்டி எறிங்கண்ணே, நம்ம ஊர் வெக்கைக்கு அது எதுக்கு?" என்று சொன்னவர்கள்தான் அதிகம். தமிழ்நாட்டுப் பட்டறைகளிலும் இந்த யோசனையை நிறையக் கேட்டிருக்கிறேன். இத்தனை பேரில் ஒருவர்கூட முள் சொல்வது மெய்தானா என்று கேட்கவில்லை. சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்பு எழுதுகிற இந்தப் பழக்கத்தால் எத்தனை வண்டிகளில் நல்ல உறுப்புகள் கழற்றி எறியப்படுகின்றன என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அந்தப் பித்தளைக் கூட்டுக்குள் இருப்பது ஒரு துண்டு அரைக்கடத்தி. உலோகக் கம்பி சூடானால் அதன் மின்தடை ஏறும். இந்த அரைக்கடத்தியில் அது நேர்மாறாக இறங்கும். வெள்ளி சல்பைடில் இந்த விசித்திரத்தை மைக்கேல் ஃபாரடே 1833-இலேயே கவனித்து எழுதியிருக்கிறார். கம்ப்யூட்டர் வைத்த டீசல் வண்டிகளில் பரவலாக வரும் ஒரு வகையை எடுத்துக்கொண்டால், 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 320 ஓம் அளவு, 100 டிகிரியில் 200-க்கும் கீழ். முள்ளுக்கு மட்டும் சேதி சொல்லும் பழைய ஒற்றைக் கம்பி சென்சார்களில் எண்கள் வேறு, குணம் ஒன்றே. தடை குறைந்தால் சூடு என்று முள் எடுத்துக்கொள்ளும். அதனால் உள்ளே ஷார்ட் ஆனால் முள் சிவப்புக்கு ஓடும்; கம்பி அறுந்தாலோ முனையில் களிம்பு பிடித்தாலோ குளிரிலேயே கிடக்கும். சித்தப்பாவின் வண்டி இரண்டையும் மாறி மாறிச் செய்தது.

இந்த இரண்டு பொய்களும் சமமல்ல. முள் வீணாகச் சிவப்புக்கு ஓடினால் ஓட்டுநர் பயந்து நிறுத்துவார், அரை மணி நேரம் போகும். அசையாமல் கிடக்கும் முள் எஞ்சினையே கொன்றுவிடும். இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. சென்சார் நன்றாகவே இருந்தாலும், தண்ணீர் ஒழுகி அது காற்றில் நின்றுவிட்டால் சரியான சூட்டைச் சொல்லாது. எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போது முள் கீழே இறங்கும். மேட்டில் திணறும் வண்டியின் முள் திடீரென்று இறங்கினால் அதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தீவில் இதற்குக் கூடுதல் அர்த்தம் இருக்கிறது. சித்தப்பா அவ்வப்போது ரங்கத்துக்கு லோடு எடுத்துப் போவார். அந்தமான் டிரங்க் சாலையில் ஜிர்காடாங்கைத் தாண்டினால் ஜாரவா பழங்குடி மக்களின் காடு. போலீஸ் காவலோடு, குறித்த நேரத்தில், வரிசையாகத்தான் வண்டிகள் போகலாம். மிடில் ஸ்ட்ரெயிட் வரை நிறுத்தக் கூடாது. அந்தச் சாலையே அங்கே இருக்க வேண்டாம் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாலை இன்றும் ஓடுகிறது. அங்கே ஒரு பிக்கப் ஆவி கக்கிக்கொண்டு நின்றால் பின்னால் வருகிற வரிசையும் தடுமாறும். அந்நியர் கூட்டம் இறங்கி நிற்கும் இடம் அந்த மக்களின் வீட்டு முற்றம். அந்தச் சாலைக்குப் போகிற வண்டியில் பொய் சொல்லும் முள் இருப்பது வண்டிக்காரரின் சொந்த விஷயம் அல்ல என்பது என் திடமான எண்ணம். சித்தப்பாவிடம் அதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "பார்த்திரலாம்டா, கப்பல்ல ஸ்பேர் வரட்டும்," என்றார்.

கடைசியில் பட்டறையிலிருந்து ஓர் இளைஞர் மல்டிமீட்டரோடு வந்தார். சித்தப்பா அவரைத் தம்பி என்று கூப்பிடுவார். அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. குளிர்ந்த எஞ்சினில் சாவியை மட்டும் போட்டு, சென்சார் கம்பியை உருவினார். முள் அடியில் விழுந்தது. கம்பி முனையை எஞ்சின் பிளாக்கில் ஒரு கணம் தொடவைத்தார். முள் மேலே ஏறியது. ஆக, டாஷ்போர்டு முள்ளும் வயரிங்கும் நலம். பிறகு சென்சார் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் மல்டிமீட்டரை வைத்து எஞ்சினை ஓடவிட்டார். தடை சீராக இறங்க வேண்டும். இங்கே அது ஓர் எண்ணில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஸ்பானர் பிடியால் மெல்லத் தட்டியதும் எங்கோ தாவியது. "சென்சார் போயிருச்சுண்ணே. வேற எதையும் தொடாதீங்க," என்றார். கால் மணி நேர வேலை. மாதக்கணக்கான யோசனைகளுக்கு அதுவே பதில்.

காரணம் சென்சார் கம்பியை உருவிப் பார்த்தபோதே தெரிந்தது. முனை முழுக்கப் பச்சைக் களிம்பு. துறை ஓரத்திலேயே நிற்கும் வண்டி; ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவு மழை; மழை ஓய்ந்தால் உப்புக் காற்று. 2004 சுனாமியின்போது இந்தப் பக்கத்து நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் அமிழ்ந்தது. சிப்பிகாட் வயல்களுக்குள் கடல் வந்து தங்கியது அப்போதுதான். ஈரமும் உப்பும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஊரில் செம்பும் பித்தளையும் நெடுநாள் தாங்குவதில்லை. கடலூருக்கும் இந்த ஊருக்கும் ஏறக்குறைய ஒரே அட்சரேகைதான். ஆனால் கடலூரில் ஒரு ஸ்பேர் இல்லையென்றால் பஸ் ஏறிச் சென்னைக்குப் போய் வாங்கி மறுநாள் பூட்டிவிடலாம். இங்கே நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல். சென்னைக் கப்பல் ஹாடோ துறைக்கு வர மூன்று நாள் ஆகும். கடல் சரியில்லையென்றால் அதுவும் கணக்கில்லை. தவறான எண் போட்ட சாமான் வந்து சேர்ந்தால் மறுபடி அடுத்த கப்பல்தான். அதனால் பழைய சென்சாரின் மேல் பொறித்த எண்ணை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, எழுத்தெழுத்தாகப் படித்துத்தான் சொல்லியனுப்பினோம்.

பூட்டும் வேலை சிறியதுதான், ஆனால் அதற்கென்று முறை இருக்கிறது. எஞ்சின் முற்றாக ஆறியிருக்க வேண்டும். ரேடியேட்டர் மூடி, குக்கர் மூடியைப் போல அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது; 0.9 பார் மூடி போட்டிருந்தால் உள்ளே வெறும் தண்ணீர்கூட 118 டிகிரிக்குக் கிட்டப் போய்த்தான் கொதிக்கும். சூட்டில் திறந்தால் ஆவியும் கொதிநீரும் சீறி முகத்தில் அடிக்கும். தம்பி மூடியைக் கழற்றி, கொஞ்சம் கூலன்ட்டை வாளியில் இறக்கினார். புதிய சென்சாரை முதலில் வெந்நீர்ப் பாத்திரத்தில் முக்கி, எண்கள் ஒழுங்காக இறங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டார். பிறகு ஆழமான சாக்கெட் போட்டுப் பழையதைத் தளர்த்தி, ஒரு கையால் எடுத்து மறுகையால் புதியதை வைத்துவிட்டார். உள்ளங்கையளவு கூலன்ட்தான் சிந்தியிருக்கும்.

சித்தப்பா ஒழுக்குக்குப் பயந்து மரைமேல் சுற்ற வெள்ளை டேப்பை நீட்டினார். தம்பி வாங்கவில்லை. ஒற்றைக் கம்பி சென்சாருக்கு எர்த் அந்த மரை வழியாகத்தான் போகிறது. டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் எர்த் கெட்டு, புதிய சென்சாரும் பொய் சொல்லத் தொடங்கும். ஒழுக்கைத் தடுக்கச் செப்பு வாஷர் போதும். நல்ல சாமான் போட்டும் முள் சரியாகவில்லை என்று புலம்புகிற பல பேருடைய குறை இந்த டேப்பில்தான் இருக்கும். கம்பி முனையை உப்புத்தாளால் தேய்த்து, வாஸ்லின் தடவி மாட்டினார். கூலன்ட்டை நிரப்பி, மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை காத்திருந்தார்.

முள் மெய் பேசத் தொடங்கியதும் வேறொன்று வெளியே வந்தது. மழையில், காலி வண்டியில், சரிவில் இறங்கும்போது முள் கால்வாசியைக்கூடத் தொடவில்லை. திறந்து பார்த்தால், தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. முன்பு யாரோ கழற்றிவிட்டிருக்கிறார்கள். இந்தச் சென்சார் காட்டிய பொய்ச் சிவப்பைப் பார்த்தே கழற்றியிருக்கலாம். தண்ணீர் 82 டிகிரி அளவு சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கிற வால்வு அது. அது இல்லாவிட்டால் எஞ்சின் நெடுநேரம் குளிரில் ஓடும், டீசல் முழுதாக எரியாது, எரியாதது சிலிண்டர் சுவர் வழியே வழிந்து ஆயிலில் கலக்கும், மைலேஜ் இறங்கும். வெப்பமான ஊருக்கு அது தேவையில்லை என்பது தப்பு. ஊர் 30 டிகிரி. எஞ்சினுக்கு வேண்டியது 80-க்கு மேல்.

தெர்மோஸ்டாட் அடுத்த கப்பலில் வந்தது, கூடவே இன்னொரு சென்சாரும். அதைப் பொட்டலம் பிரிக்காமல் டாஷ்போர்டுப் பெட்டியில் போட்டு, அதன் எண்ணைப் பெட்டி மூடியின் உட்புறம் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறார் சித்தப்பா. பழைய சென்சாரை அந்தத் தம்பி கேட்டு வாங்கிக்கொண்டார். பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பையனிடம் அதைக் கொடுத்து, மீட்டரை ஓமில் வைத்து, வெந்நீரில் முக்கிப் பார்த்து, எங்கே தாவுகிறது என்று எழுதச் சொன்னார்.