பூக்கடைக்கு நிழல், வளையல் கடைக்கு வெளிச்சம்

புரட்டாசி சனிக்கிழமைகளில் திருவந்திபுரத்தில் தரைக்கடைகளுக்கு இடம் பிரித்துவிடுவது என் வேலை. டேப்பும் சுண்ணாம்புத் தூளும் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அளப்பது எளிது, கூட்டம் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்பது பிடிபடத்தான் நாளாகும்.

காராமணிக்குப்பம் திங்கட்கிழமைச் சந்தைக்குக் கருவாடு வாங்கப் போகிறவர், கடை எந்த மூலையில் இருந்தாலும் தேடிப் போவார். இங்கே வருகிறவர் தேவநாத சுவாமியைப் பார்க்க வருகிறார். திருப்பதிக்கு நேர்ந்துகொண்டு போக முடியாதவர்கள் இங்கேயே மொட்டை போட்டுக்கொள்வதும் உண்டு. கோயிலுக்குள் போகும்வரை அவர்கள் கண்ணெல்லாம் வரிசை மேல்தான். அப்போது விற்பது துளசி மாலையும் உப்பு, மிளகு, வெல்லமும் மட்டுமே. பொம்மை, வளையல், பொரியெல்லாம் திரும்பும் வழியில்தான் விலைபோகும். சந்தனமும் குழந்தைத் தொப்பியும் மொட்டை போடும் இடத்தை விட்டு நகரக்கூடாது.

குலுக்கல்தான் நியாயம் என்பார்கள். எல்லாரையும் ஒரே பானையில் போட்டுக் குலுக்கினால் பஜ்ஜி அடுப்புக்குப் பக்கத்தில் பலூன் சிலிண்டர் வந்து நிற்கும். அதனால் சரக்குவாரியாகப் பிரித்து, அதற்குள்தான் குலுக்கல். “பத்து மணிக்கு மேல இங்க வெயில் எறங்கும் தம்பி, பூ என்னத்துக்கு ஆவும்?” என்று ஒரு பூக்கார அக்கா கேட்டால் அது பேரம் இல்லை. பூ யாவாரம் காலையிலேயே முடிவது. தெருவின் கிழக்குச் சிறகில், கட்டட நிழலில் அவர்களை உட்கார வைக்கலாம். வளையல்காரர் இரவுவரை இருப்பார். அவருக்கு விளக்குக் கம்பம் போதும்.

இங்குள்ள ஔஷதகிரிக் குன்றில் ஹயக்ரீவரைச் சேவித்து இறங்குகிறவர்கள் படி முடியும் இடத்தில் நின்று, பின்னால் வரும் பிள்ளைகளை எண்ணுவார்கள். நல்ல யாவாரம் ஆகும் இடம்தான். ஆனாலும் அங்கே யார் சிபாரிசோடு வந்தாலும் கடை கிடையாது. மேலிருந்து இறங்குகிற கூட்டத்துக்குக் கீழே நிற்பது தெரியாது.

கடைசி சனிக்கிழமைக்குள் மழை எட்டிப் பார்த்துவிடும். தார் ரோட்டில் குழி தோண்ட முடியாது. சவுக்குக் கம்புகளை மணல் மூட்டையில் நட்டு, தார்ப்பாயின் சரிவை வாய்க்கால் பக்கம் வைக்கவேண்டும். அடுத்த கடைக்காரர் தலையில் தண்ணீர் கொட்டினால் அன்றைய பஞ்சாயத்து மாலைவரை ஓயாது.

முகூர்த்த நாளில் கணக்கே வேறு. இந்தக் கோயிலில் நூற்றுக்கு மேல் கல்யாணம் நடக்கிற நாளும் உண்டு. கல்யாண வீட்டார் மாலை முதல் தேங்காய் வரை கையோடு கொண்டுவந்துவிடுவார்கள்; கடையில் கேட்பது காபி, தண்ணீர் பாட்டில், மறந்துபோன மஞ்சள் கயிறு. அன்றைக்குப் பாதிக் கடைகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தை வேன்களுக்குத்தான் விடுகிறேன்.