முதல் மாத்திரைக்கு முன்

சளி டப்பியைத் திறந்ததுமே பாதி தெரிந்துவிடும். நுரைத்துத் தண்ணீராக இருந்தால் எச்சில். மஞ்சளாகவோ துரு நிறத்திலோ கெட்டியாக இருந்தால் நெஞ்சிலிருந்து வந்தது. கண்ணை மட்டும் நம்பாமல் கிராம் சாயம் ஏற்றி நுண்ணோக்கியிலும் பார்ப்போம். சீழ் செல்கள் நிறைந்து, வாய்த்தோல் செல்கள் குறைந்திருந்தால்தான் கல்ச்சருக்கு ஏற்போம். எச்சிலை வளர்த்தால் வாயில் குடியிருக்கும் கிருமிதான் வளரும். அதைப் பார்த்து மருந்து எழுதினால் நுரையீரலில் இருக்கும் நோய் தீராது.

சிம்மக்கல்லில் நுண்ணுயிரி ஆய்வகத்தில் வேலை எனக்கு. வைகைக்கு அக்கரையில் ராஜாஜி அரசு மருத்துவமனை. இக்கரையில் எங்களைப் போன்றவர்களிடம் மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து ஆட்களும் பஸ் இறங்கி வருகிறார்கள்.

நிமோனியாவுக்கு முக்கியக் காரணமான நியூமோகாக்கஸ், வளர்க்கச் சிரமமான கிருமி. ஆட்டு ரத்தம் கலந்த அகார் வேண்டும், கரியமில வாயு வேண்டும். வசதி இல்லாத இடங்களில் மூடிய ஜாடிக்குள் மெழுகுவத்தி ஏற்றி வைத்து வளர்ப்பார்கள். மறுநாள் காலையில் தட்டில் ரத்தம் பச்சை படர்ந்து, கேரம் காய் போல நடு குழிந்த சின்னஞ்சிறு காலனிகள் நிற்கும். பிறகு மருந்து தோய்ந்த காகித வில்லைகளை வைத்து, கிருமி வளராத வட்டத்தை ஸ்கேலால் அளப்போம். ஆக்சசிலின் வில்லையைச் சுற்றி 20 மில்லிமீட்டர் இருந்தால் பென்சிலின் கேட்கும்.

ஆனால் ஓரிரு வேளை ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தாலே இந்தக் கிருமி தட்டில் வளராமல் போகலாம். நோயாளிக்கு மூச்சிரைப்பு இருக்கும், ரிப்போர்ட்டில் ஒன்றும் இருக்காது.

ஒரு பாட்டியம்மாவிடம், "ஆத்தா, வாயைக் கொப்பளிச்சுட்டு, மூச்சை நல்லா இழுத்து அடியிலருந்து இருமுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "மாத்திரை ஏதும் குடுத்தீங்களா?" என்று மகனைக் கேட்டேன். "மருந்துக்கடையில சொல்லி வாங்கினோம்ணே, காய்ச்சல் விட்டதும் நிறுத்திட்டோம்" என்றார். எந்த மாத்திரை என்று அவருக்குத் தெரியவில்லை. அட்டையையும் தூக்கிப் போட்டிருந்தார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு டாக்டரைப் பார்க்க வருவது லேசான காரியமில்லை.

இப்படி அரைகுறையாகப் போகும் மருந்தில் எளிதில் சாகும் கிருமி சாகும்; எதிர்த்து நிற்பது பெருகும். 1999இல் லான்செட் இதழில் வந்த இந்திய மருத்துவமனைகளின் ஆய்விலேயே, நியூமோகாக்கஸில் பாதிக்கு மேல் கோ-டிரைமாக்சசோலுக்குக் கட்டுப்படவில்லை. பென்சிலின் பெரும்பாலும் கேட்டது.

எனக்கு அதிகக் கவலை தருவது கிளெப்சியெல்லா என்ற கிருமி. ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் இருப்பவர்களின் நெஞ்சில் இறங்கும் கிருமிகளில் இதுவும் ஒன்று. லூப்பால் தொட்டு இழுத்தால் கொழகொழவென்று வரும். சில தட்டுகளில் மெரோபெனம் வில்லையைச் சுற்றி வட்டமே இருக்காது. வில்லையின் விளிம்புவரை கிருமி முளைத்திருக்கும். அதற்கு மேல் மருத்துவர் கையில் மிச்சமிருப்பது சில மருந்துகள்தான்; அவற்றில் கோலிஸ்டின் போன்றவை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். இந்த எதிர்ப்பைத் தரும் என்.டி.எம்.-1 மரபணு பற்றி 2010இல் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையில் எடுத்த கிருமிகளும் இருந்தன. மரபணுவுக்குப் புதுடெல்லியின் பெயரை வைத்தது குறித்து எழுந்த சண்டையில், ஆய்வு சொன்ன எச்சரிக்கை பின்னுக்குப் போனது. இந்த எதிர்ப்பைச் சமாளிக்க 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014 மார்ச் முதல், செஃபிக்ஸிம் உள்ளிட்ட மருந்துகளைச் சீட்டுடன்தான் விற்க வேண்டும், விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற எச்-1 விதி நடப்பில் இருக்கிறது. விதி நல்ல விதி. கடையில் சீட்டைக் கேட்டு வாங்குபவர்தான் குறைவு.

2021 முதல் தமிழ்நாட்டில் நியூமோகாக்கல் தடுப்பூசி குழந்தைகளுக்கு இலவசம்: 6வது வாரம், 14வது வாரம், 9வது மாதம். தவறவிடாதீர்கள்.

காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் மருந்துக்கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள். நிலைமை மோசமென்றால் அவர் உடனே ரத்தம் எடுத்துவிட்டு ஊசியைத் தொடங்குவார்; தடுக்க வேண்டாம். சளி கேட்டால் முதல் மாத்திரைக்கு முன் கொடுங்கள். ஏற்கெனவே ஏதாவது விழுங்கியிருந்தால், அந்த அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள்.