ஏற்றத்தில் காயும் எண்ணெய்

கொழும்பிலிருந்து கண்டிக்கு வருகின்ற 115 கிலோமீற்றர் நெடுவழியில் வண்டிகளின் வலிமையைச் சோதித்துப் பார்க்கும் இடம் கடுகண்ணாவை மலைச்சாரல். மாவனல்லையைக் கடந்த சிறிது தூரத்தில் வீதி வளைந்து வளைந்து மேலே ஏறத் தொடங்குகிறது. ஏறத்தாழ 300 மீற்றர் உயரத்தைச் சில மைல்களுக்குள் ஏறி முடிக்க வேண்டும். ஆளுநர் எட்வேட் பாண்ஸ் காலத்தில் இவ்வீதியை அமைக்கும் பணியை நடத்திய கப்டன் டோசன் 1829இல் காலமானார். அவர் நினைவாக 1832இல் எழுப்பப்பெற்ற 125 அடி உயரக் கோபுரம் கடுகண்ணாவையில் நிற்பதை இவ்வழியே போனவர்கள் எல்லோரும் கண்டிருப்பர்.

1867இல் புகையிரதம் கண்டியை எட்டியபோதும் இம்மலை எளிதில் வழிவிடவில்லை. நீராவி இஞ்சின்களின் காலத்தில் ரம்புக்கனையில் இன்னோர் இஞ்சினையும் பூட்டியே பாரமான வண்டித்தொடர்களை மேலே ஏற்றினார்கள். கால்நடையாக வந்தவர்கள் இளைப்பாறுவதற்குக் கடுகண்ணாவை அம்பலம் இருந்தது. மலை ஏறுகிறவனுக்குச் சமதரையில் வேண்டாத ஒரு துணை வேண்டும் என்பதை அக்காலத்தவர் நன்கு அறிந்திருந்தனர். நம் காலத்து மோட்டார் வண்டிக்காரர்தாம் அதனை மறந்துவிடுகிறார்கள். பொத்தானை அழுத்தியதும் உயிர் பெறும் வண்டிக்குத் துணை எதற்கு என்பது அவர்கள் எண்ணம்.

என் தங்கையின் கணவர் கண்டியில் ஒரு சிறிய இரும்புச் சாமான் கடை நடத்துகிறார். வாரம் ஒரு முறை கொழும்புப் பழைய சோனகத் தெருவுக்குப் போய், ஆணி, வர்ணத் தகரங்கள், குழாய்கள், பூட்டுகள் முதலியவற்றைத் தம் கெப் வண்டியில் ஏற்றி வருவார். வண்டி 2012ஆம் ஆண்டினது. தானியங்கிக் கியர் உடையது. இடது முழங்கால் நோவுள்ள அவருக்குக் கிளச்சு மிதிக்காமல் ஓட்டும் வசதி பெரிய வசதிதான். பின்தட்டில் ஏறும் பாரம் பெரும்பாலும் ஒரு தொன்னுக்குக் குறையாது.

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு நாள் மலையின் பாதியில் அவ்வண்டி நின்றுவிட்டது. இஞ்சின் இரைந்தது, சக்கரம் நகர மறுத்தது. பெட்டியைத் திறந்தபோது, சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கருகிக் காப்பிக் கஷாயம் போல் வடிந்தது. உள்ளே இருந்த கிளச்சுத் தட்டுகள் தீய்ந்துபோயிருந்தன.

வேறொரு வண்டி வாங்கலாம் என்றால், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அப்போதும் திறக்கப்படவில்லை. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி பிறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலை பொன்னின் விலையோடு போட்டியிட்டது. ஆகவே, எரிந்த பெட்டியையே புதுப்பிக்க வேண்டியதாயிற்று. அதற்காக என் தங்கை தன் காப்புகள் நான்கையும் அடகு வைத்தாள். பெட்டியைப் பழுது பார்த்த இடத்தில், "வயது போன வண்டி, இப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த விடையில் மைத்துனருக்குத் திருப்தி இல்லை.

"மச்சான், நீங்கள் பௌதிகம் படிப்பிக்கிறவர். இந்தப் பெட்டி ஏன் எரிந்தது என்று எனக்கு விளங்கச் சொல்லுங்கள்" என்றார்.

கேட்டதோ உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அரை மணி நேரத்தில் கணித்துவிடக்கூடிய கேள்வி. அதனை இங்கே சற்று விரித்துச் சொல்வது மாணவர்க்கும் பயன்படும்.

தானியங்கி வண்டியில் இஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே ஓர் எண்ணெய்க் கலம் இருக்கிறது. அதற்கு முறுக்குவிசை மாற்றி என்று பெயர். எதிரெதிரே வைத்த இரு மின்விசிறிகளில் ஒன்று ஓட, அதன் காற்றால் மற்றது சுழல்வதைப் போல, இஞ்சின் சுழற்றும் தகடுகள் எண்ணெயைத் தள்ள, அந்த எண்ணெய் எதிர்ப்புறத் தகடுகளைச் சுழற்றுகிறது. இந்த முறையை ஜெர்மனியின் ஹெர்மன் ஃபெற்றிங்கர் 1905இல் கப்பல்களுக்காக வகுத்தார். எண்ணெய் வழி இணைப்புடைய தானியங்கிக் கியரை ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1939இல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் கொணர்ந்த பிறகு அது சாலைக்கு வந்தது. சமதரையில் ஒரே வேகத்தில் ஓடும்போது உள்ளே ஒரு பூட்டு விழுந்து இரு பக்கமும் ஒன்றாகச் சுழலும். அப்போது இழப்பு மிகக் குறைவு. ஏற்றத்திலோ, அதுவும் முன்னே பஸ்ஸும் லொறியும் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, பூட்டு விழுவதில்லை. எண்ணெய் கலங்கிக்கொண்டே இருக்கிறது. கலங்கும் எண்ணெய் காய்கிறது.

எவ்வளவு காய்கிறது? வண்டியும் சுமையும் சேர்ந்து 3,000 கிலோகிராம் என்று கொள்வோம். அதனை 300 மீற்றர் உயர்த்த 90 இலட்சம் யூல் சக்தி தேவை. ஏறுவதற்குக் கால் மணி நேரம் ஆனால், உயர்த்துவதற்கு மட்டும் 10 கிலோவாற்று. இஞ்சின் தருவதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெயைக் கலக்குவதிலேயே போய்விடுமானால், அவ்வாறு போவது 2.5 கிலோவாற்று. வீட்டில் தேநீருக்கு நீர் கொதிக்க வைக்கும் மின்கேத்தல் ஒன்றை எண்ணெய்க்குள் போட்டுவிட்டு மலை ஏறுவதற்கு இது ஒப்பாகும். பெட்டியில் எட்டுக் கிலோகிராம் எண்ணெய் இருந்தால், ஆறரை விநாடிக்கு ஒரு பாகை வீதம் சூடேறும். அந்த வெப்பம் வெளியேற வழி இல்லையானால், பத்தே நிமிடத்தில் 90 பாகைக்கு மேல் ஏறிவிடும்.

வழி இருக்கத்தான் செய்கிறது. எண்ணெய்க் குழாய் றேடியேற்றரின் ஒரு தொட்டிக்குள் புகுந்து, அங்கிருக்கும் நீரிடம் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. ஆனால் ஏற்றத்தில் அந்த நீரே 90 பாகைக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும். வெந்நீரில் கையை நனைத்து வெயிலின் வெம்மையை ஆற்ற முடியுமா? எண்ணெய் 80 முதல் 95 பாகை வரையில் இருந்தால் சுகமாக இருக்கும். 120ஐத் தாண்டினால் அது சிதையத் தொடங்கும்; பிசின் போன்ற படிவு உண்டாகும்; றப்பர் வளையங்கள் கெட்டிப்படும். பத்துப் பாகை கூடினால் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலாளர் வைத்திருக்கும் கைக்கணக்கு. வயது வண்டிக்குத்தான் வந்தது என்றார்கள்; உண்மையில் முதுமை எண்ணெய்க்கு வந்தது, அதுவும் மாதத்துக்கு நான்கு முறை கடுகண்ணாவையில் வந்தது.

இதற்கு உள்ள பரிகாரம் துணைக் குளிர்த்தி. திருத்துமிடங்களில் 'ஒயில் கூலர்' என்பார்கள். றேடியேற்றரின் முன்னே காற்றுப் படும் இடத்தில் பொருத்தப்படும் சிறிய அலுமினியச் சட்டம் அது. றேடியேற்றரை விட்டு வெளியேறும் எண்ணெய் பெட்டிக்குத் திரும்புமுன் இதற்குள் ஒரு முறை உலாவி வரும்.

கட்டுகஸ்தோட்டையில் திருத்துமிடம் வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் இதனைப் பற்றிப் பேசினோம். எல்லோரும் அவரை நானா என்றே அழைப்பார்கள். அவர் தலையை ஆட்டினார். "கம்பனிக்காரன் போடாததை நாம் ஏன் சேர் போட வேண்டும்?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் கம்பனிக்காரன் பல நாட்டுக்கும் பொதுவாக ஒரு வண்டியைச் செய்கிறான். வாரந்தோறும் நிறைசுமையோடு இம்மலையில் ஊர்ந்து ஏறும் வண்டியை அவன் தனியே நினைத்திருக்க மாட்டான். பாரம் இழுப்பதற்கென்று விற்கும் சில வண்டிகளில் இதே குளிர்த்தியை அவர்களே பொருத்தித் தருகிறார்களே என்று நான் எடுத்துச் சொன்னேன். மைத்துனர் பணத்தை எண்ணித் தயங்கினார். தங்கை மட்டும் ஒரே கேள்வி கேட்டாள்: "அண்ணா, என் காப்பு மறுபடியும் அடகுக்குப் போகாமல் இருக்க இதற்கு எவ்வளவு செலவாகும்?" பெட்டியைப் புதுப்பித்த செலவில் இருபதில் ஒரு பங்கும் வராது என்று நானா சொன்னதும் தயக்கம் தீர்ந்தது.

தயங்கியவர் வேலையைத் தொட்டபின் எங்கள் எல்லோரையும்விட நுணுக்கமாக நடந்துகொண்டார். முதலில் பழைய றேடியேற்றரையே மாற்றச் சொன்னார். எரிந்த பெட்டியிலிருந்து வந்த இரும்புத் தூள் அதன் எண்ணெய்க் குழாய்க்குள் ஒளிந்திருக்கும். ஒரு நாள் புதிய பெட்டிக்குள் இறங்கி அதனையும் அரிக்கும் என்பது அவர் வாதம். பெட்டியைப் பழுது பார்த்த இடத்தில் இதனை ஒருவரும் கூறவில்லை. பின்பு, இஞ்சினைச் சிறிது ஓடவிட்டு, இரு குழாய்களில் எது திரும்பும் குழாய் என்று உறுதிப்படுத்திக்கொண்டார். பிளாஸ்ரிக் கட்டுகளைத் தகடுகளின் ஊடே செருகிக் கட்டுவது சுலபம். அதிர்ச்சியில் அவை றேடியேற்றரையே அறுத்துவிடும். ஆகையால் இரும்புத் தாங்கிகள் இரண்டை வளைத்துச் சட்டத்தில் பூட்டினார். பெற்றோல் குழாயையோ நீர்க் குழாயையோ பயன்படுத்த மறுத்தார். சூடான எண்ணெய்க்கென்று செய்த குழாயே வேண்டும் என்று கொழும்பிலிருந்து தருவித்தார். புகைக் குழாயின் அருகே போகாமலும் எங்கும் மடங்காமலும் அதனைக் கொண்டுபோனார்.

றேடியேற்றரை விட்டுவிட்டு எண்ணெயை நேரே புதிய குளிர்த்திக்கே அனுப்பினால் என்ன என்று நான் கேட்டேன். கூடாது என்றார். நுவரெலியாவின் விடியற்குளிரில் எண்ணெய் தேன் போல் தடித்துக் கிடக்கும். றேடியேற்றர் நீர் அதனைச் சீக்கிரம் இளக்கிக் கொடுக்கும். காய்ந்ததை ஆற்றுவதும் குளிர்ந்ததைக் காய்ச்சுவதும் ஆகிய இரண்டும் அந்தப் பழைய குழாயின் வேலை. புத்தகம் படித்தவன் கேட்க, கை பழகியவர் சொன்ன விடை இது. மறுநாள் வகுப்பிலும் இதனையே சொன்னேன்.

இறுதியில், குளிர்த்தியும் குழாயும் நிரம்புமளவுக்குக் கூடுதல் எண்ணெய் ஊற்றி, எண்ணெய் உரிய சூட்டுக்கு வந்தபின் மட்டத்தைப் பார்த்தார். குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு, கூடினால் நுரைக்கும்.

வண்டியின் கணினிக்குள் செருகும் சிறு கருவி ஒன்றால் எண்ணெயின் சூட்டைப் பார்த்து வந்தோம். குளிர்த்தி பூட்டுமுன் ஏறக்குறைய அதே சுமையோடு மலையுச்சியில் 117 பாகை காட்டியது, பூட்டியபின் 96. நெரிசல் மிகுந்த நாளில் 101 வரை போனதுண்டு, காரணம் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு முன்புறக் காற்றுக் கிடைப்பதில்லை.

இக்கருவியைப் பூட்டியவர்கள் இனிமேல் ஒன்றரைத் தொன் ஏற்றலாம் என்று எண்ணிவிடக் கூடாது. தேய்ந்துபோன கிளச்சுத் தட்டை இது குணப்படுத்தாது. ஏற்றத்தில் கியரைத் தாழ்த்தி ஓட்டும் பழக்கத்துக்கு இது மாற்றும் அன்று. தாழ்ந்த கியரில் இஞ்சின் சற்று உரக்கக் கத்தினாலும் எண்ணெய் குறைவாகவே கலங்கும். என் மைத்துனர் அந்தச் சத்தத்துக்கு நெடுநாள் அஞ்சினார், இப்பொழுது பழகிக்கொண்டார். றேடியேற்றர் தொட்டிக்குள் இருக்கும் எண்ணெய்க் குழாய் துருவேறி உடைந்தால், எண்ணெயும் நீரும் கலந்து றோஸ் நிறப் பால் போலாகிவிடும். அந்நிலையில் எந்தக் குளிர்த்தியாலும் பயனில்லை. றேடியேற்றர் நீரின் நிறத்தை மாதம் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. அதற்குச் செலவும் இல்லை.

காப்புகளில் இரண்டு மீட்கப்பட்டுவிட்டன. மற்ற இரண்டும் இன்னும் அடகில் இருக்கின்றன. வண்டி வாரந்தோறும் கொழும்புக்குப் போய் வருகிறது. மழைக்காலத்தில் குளிர்த்தியின் தகடுகளுக்கிடையே சேறும் இலைத் துணுக்குகளும் பூச்சிகளும் அடைந்துகொள்கின்றன. ஞாயிறு காலையில் மருமகன் அதன் பின்புறத்திலிருந்து மெதுவாக நீர் பாய்ச்சிக் கழுவுகிறான். வேகமாகப் பாய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடிந்து காற்று வழி அடைபட்டுவிடும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் நானாதான்.