நண்டும் கூடையும்

நம்மவர் கூட்டம் எங்கு நடப்பினும், மேடையேறுவோருள் ஒருவரேனும் நண்டுக் கதையைச் சொல்லாது இறங்குவதில்லை. கூடையிலுள்ள நண்டுகளுள் ஒன்று மேலேற முயன்றால் ஏனையவை அதன் காலைப் பற்றிக் கீழே இழுக்குமாம், தமிழனும் அத்தகையவனாம்! தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் யான் இதனைப் பன்முறை கேட்டதுண்டு. கேட்போரும் தலையசைத்துச் சிரிக்கின்றனர். நண்டின் இயல்பு உண்மையில் அதுதானா? ஆராய்வோம்.

ஜாவாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில் கிறிஸ்துமஸ் தீவு உள்ளது. 1957 வரை சிங்கப்பூர் ஆட்சியின்கீழ் இருந்து, 1958-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த தீவு அது. அதன் காடுகளில் கோடிக்கணக்கான செந்நண்டுகள் வாழ்கின்றன. உதிர்ந்த இலைகளே அவற்றின் தலையாய உணவு. ஒவ்வொன்றும் தன் வளையில் தனித்தே வாழும். பிறிதொரு நண்டு உட்புக ஒப்பாது. வறண்ட காலத்தில் வளையின் வாயை இலைகளால் அடைத்து, ஈரங் காத்து உள்ளே கிடக்கும்.

மழை தொடங்கியதும் தனித்து வாழ்ந்தவை யாவும் ஒருங்கே கடலை நோக்கிப் புறப்படுகின்றன. கரையருகே ஆண் நண்டு வளை தோண்டும். அவ்விடத்திற்காக ஆண்கள் தம்முள் பொருதலும் உண்டு. பெண்ணோடு கூடியபின் ஆண் காடு திரும்பும். ஈரமான வளையில் பெண் மட்டும் தங்கும். ஓர் இலட்சம் வரை முட்டைகளை வயிற்றடியிற் சுமந்து, பன்னிரண்டு பதின்மூன்று நாள் காத்திருக்கும். பின்பு தேய்பிறை அட்டமியை ஒட்டிய நாள்களில், விடியுமுன், ஏறிய கடல் இறங்கத் தொடங்கும் வேளையில் அவற்றை நீரில் உதிர்க்கும்.

நீர் பட்டவுடன் முட்டைகள் பொரிகின்றன. குஞ்சுகள் மூன்று நான்கு வாரம் கடலில் அலைந்து, பெரும்பாலும் மீன்களுக்கு இரையாகின்றன. ஒரு குஞ்சும் கரை சேராத ஆண்டுகளும் பல. சேர்ந்த ஆண்டிலோ, 5 மில்லிமீட்டர் அளவேயுள்ள அச்சிறு நண்டுகள், தாயுமின்றி வழிகாட்டியுமின்றி, ஒன்பது நாள் போல நடந்து மேட்டுக் காட்டை அடைகின்றன. மூன்றாண்டு வரை பாறை இடுக்குகளிலும் விழுந்த கிளைகளின் அடியிலும் மறைந்து வளர்கின்றன. ஒன்றையொன்று இழுத்துத் தள்ளியா இவை மலையேறின?

இந்நண்டுகளுக்குப் பெருங்கேடு வெளியிலிருந்தே வந்தது. மனிதர் அறியாமற் கொணர்ந்த மஞ்சள் எறும்பின் பெருங்கூட்டம் 1989-இல் அங்குக் காணப்பட்டது. எறும்புகள் அமிலம் தெளித்து நண்டுகளைக் கொன்று, அவற்றின் வளைகளையே தம் கூடாக்கிக்கொண்டன. மாண்டவை பல இலட்சம். அறிஞர் நண்டின் குணத்தைப் பழித்துக்கொண்டிருந்தனரோ? இல்லை. எறும்புக்கு இனிப்பு நீர் சுரந்து உணவூட்டும் செதிற்பூச்சியைக் கண்டறிந்து, அதனை அழிக்கவல்ல நுண்ணிய குளவியை மலேசியாவிலிருந்து கொணர்ந்து 2016 டிசம்பரில் விடுத்தனர்.

நமக்கும் அம்முறையே தக்கது. கூடையினுள் நண்டு தானே புகவில்லை. பிடித்து அடைத்தவர் உளர். வேலை போனால் வீடும் போகும் லய வாழ்வும் அத்தகைய கூடையே. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட நாளில், 1960-இல், வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டிய ஏழைத் தொழிலாளர் சிறுதொகை சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினர். அவர்களும் தமிழரே. அடுத்த மேடையில் நண்டுக் கதை சொல்ல எழுவோர், இக்கதையையும் உடன் சொல்வாராக!