பிள்ளையார் சதுர்த்தியும் ஒரு எக்ஸெல் ஷீட்டும்

1/ எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவரை ‘பிரசவத் தேதி தாண்டியவர்’ என்று ஒரு எக்ஸெல் ஷீட் காட்டிய கதை இது. ஷீட் போட்டது நான்தான். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள்.

2/ கணக்கு எளிது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். எக்ஸெலுக்கு ஒவ்வொரு தேதியும் ஒரு எண்தான்; 1900 ஜனவரி 1 என்றால் 1. இன்றைய தேதியிலிருந்து மாதவிலக்குத் தேதியைக் கழித்து 7ஆல் வகுத்தால் வாரம் வந்துவிடும். 40 தாண்டினால் கட்டம் சிவப்பாகும். நர்ஸ் போன் போட்டு வரச் சொல்வார்.

3/ 2025 ஏப்ரல் 19. சிவப்புக் கட்டத்தில் ஒரு பெண், 40 வாரம் 4 நாள். போன் போனதும் துணிமணியைப் பையில் எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. அட்மிட் பண்ணி, வலி வர மருந்து கொடுக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

4/ வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். 32 வாரத்திலும் 40 வாரத்திலும் கருப்பையின் உயரம் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும். கடைசியில் குழந்தை கீழே இறங்கிவிடுவதால். ஆனால் இங்கே குழந்தையின் தலை இன்னும் மேலேயே ஆடிக்கொண்டிருந்தது. மனசுக்குச் சரியாகப் படல.

5/ “ஏம்மா, கடைசியா எப்போ தலைக்கு ஊத்துனீங்க?”
“பிள்ளையார் சதுர்த்தி அன்னைக்கு சார். கொழுக்கட்டை மாவைக்கூட எங்க அத்தை தொட விடல. நல்லா ஞாபகம் இருக்கு.”

6/ 2024இல் சதுர்த்தி செப்டம்பர் 7. அன்றிலிருந்து எண்ணினால் 224 நாள். சரியாக 32 வாரம்! ஆரம்பத்தில் எடுத்த ஸ்கேனைத் தேடி எடுத்தோம், அதுவும் அதையேதான் சொன்னது. மருந்து கொடுத்திருந்தால், மூச்சுவிடவே திணறக்கூடிய குறைமாதக் குழந்தையை நாங்களே வெளியே எடுத்திருப்போம்.

7/ நர்ஸ் அடித்தது 07/09/2024. தப்பே இல்லை. ஆனால் புது லேப்டாப்பில் அமெரிக்கத் தேதி முறை இருந்தது, மாதம்தான் முதலில். எக்ஸெல் அதை ஜூலை 9 என்று எடுத்துக்கொண்டது. 60 நாள் கூடிப்போச்சு.

8/ அன்று ராத்திரி ஷீட் முழுக்கப் பார்த்தேன். 13 முதல் 31 வரையான நாட்களை எக்ஸெல் தேதியாகவே ஏற்கவில்லை, பிழை காட்டியிருந்தது. அதையெல்லாம் நர்ஸ் அப்பவே கையால் கணக்குப் போட்டுச் சரி செய்திருந்தார். 12 வரையான நாட்கள்தான் சத்தமில்லாமல் மாறிக் கிடந்தன.

9/ இப்போது மாதத்தை எண்ணில் அடிப்பதே இல்லை. செப்டம்பர் என்று எழுத்தில்தான். பிரசவத் தேதியையும் அவர்களிடமே வாசித்துக் காட்டுகிறோம்: “ஜூன் 14 வருது, சரியாம்மா?”

10/ அந்தப் பெண் அன்றைக்கே வீட்டுக்குப் போனார். ஜூனில் வலி எடுத்து, அதே பையோடு வந்தார். தாயும் சேயும் நலம்.

உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால், அட்டையில் உள்ள தேதியும் முதல் ஸ்கேன் சொல்லும் தேதியும் ஒத்துப்போகுதான்னு ஒருமுறை பாருங்க. வாரக்கணக்கில் வித்தியாசம் இருந்தா, தயங்காம டாக்டரிடம் கேளுங்க. நாங்க கோவிச்சுக்க மாட்டோம்.