மாமா எழுதி வைத்த பன்னிரண்டு பாடல்கள்

இசைக்கு மயங்காத உயிர் இல்லை என்பர் பெரியோர். ஆயினும் எங்களுக்கு நினைவு தெரிந்த நாள் முதல் எங்கள் அம்மா பாட்டுக் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. திருப்பலியில் எல்லாரோடும் சேர்ந்து பாடுவார்கள், அவ்வளவுதான். பேருந்தில் பழைய திரைப்பாடல் ஒலித்தால் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். 2020 செப்டம்பர் 25 அன்று பாடகர் எஸ். பி. பாலசுப்ரமணியம் மறைந்தபோது எங்கள் தெருவில் எல்லா வீடுகளிலும் அவருடைய குரலே கேட்டது. எங்கள் வீட்டில் மட்டும் அம்மா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, காய்ந்த துணியை எடுத்து வருவதாகச் சொல்லி மாடிக்குப் போனார்கள். நெடுநேரம் கீழே இறங்கவில்லை.

‘நாங்கள்’ என்பது எங்கள் இருவரையும் குறிக்கும். பத்தாம் வகுப்பில் படிக்கும் அக்காவும், எட்டாம் வகுப்பில் படிக்கும் தங்கையும் இப்பள்ளியின் மாணவிகளே. எழுதுவது அக்காவின் கை. ஆனால் செய்த குற்றம் இருவருக்கும் பொது. ஆகவே ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம்.

காலாண்டு விடுமுறையில் ஒருநாள் அம்மாவின் பீரோவை ஒழுங்கு செய்யப் புகுந்தோம். பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு செபமாலை, ஒரு பழைய புகைப்படம், ஒரு கேசட். கேசட்டின் உறையில் செருகியிருந்த அட்டையில் நீல மையில் மணிமணியான எழுத்துகள். மேலே 9-5-87 என்று தேதி. அதன் கீழே ‘அ’ பக்கம் ஆறு, ‘ஆ’ பக்கம் ஆறு எனப் பன்னிரண்டு பாடல்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர்.

அது மாமாவின் கையெழுத்து. அம்மாவின் ஒரே அண்ணன். நாங்கள் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டவர். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை; கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். விருந்துக்கு மீன் வாங்கி வருவதாகச் சொல்லிக் காலையில் கடற்கரைக்குப் போனவர் திரும்பவில்லை. நமது காரைக்காலில் அன்று ஆழிப்பேரலைக்குப் பலியானோர் 400 பேருக்கும் மேல். அவர்களுள் எங்கள் மாமாவும் ஒருவர். கூடத்தில் மாலையிட்ட படமாக மட்டுமே நாங்கள் அவரை அறிவோம்.

அந்தக் கேசட்டைக் கேட்டுப் பார்க்க ஆசை பிறந்தது. அம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அடுத்த தெருவில் ஒரு தாத்தா வீட்டில் டேப் ரெக்கார்டர் இருப்பது தெரியும். யாருக்கும் சொல்லாமல் எடுத்துப் போனோம். முதலில் ‘உஸ்’ என்ற இரைச்சல். பிறகு பாட்டு வந்தது. எங்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. பாடகரின் குரல் தடித்து, இழுத்து, நின்றே போயிற்று. மூடியைத் திறந்தால் நாடா உருளையில் சுற்றிச் சுருண்டு கிடந்தது. மெல்ல இழுத்தோம். அறுந்துவிட்டது.

பிளாஸ்டிக் நாடாவின் மேல் இரும்பு ஆக்சைடு பூசி அதில் ஒலியைக் காந்தமாகப் பதிவதே கேசட். ஹாலந்து நாட்டு பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் இதை அறிமுகப்படுத்தியது. ஈரம்பட்டால் நாடாவில் பூஞ்சை பூத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடற்கரை ஊரில் கேட்கவா வேண்டும்! இதையெல்லாம் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டோம். அன்று இருவரும் அந்தத் தாத்தா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதோம்.

இரவு அம்மாவிடம் உண்மையைச் சொன்னோம். அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். அம்மா அந்த நாடாச் சுருளைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். டப்பாவில் வைத்து மூடினார்கள். “ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார்கள். அடித்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது, பிறருக்குச் செய்த சேதத்தை இயன்றவரை ஈடு செய்யவும் வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். நாடா போயிற்று, ஆனால் அட்டை இருக்கிறது. பன்னிரண்டு பாடல்களையும் தேடி, மாமா எழுதிய அதே வரிசையில் சேர்த்துத் தருவது என்று முடிவு செய்தோம். பாட்டுகளைக் கைப்பேசியில் தேடினோம். மாமாவைப் பற்றிப் பாட்டியிடம் கேட்டோம்.

பாட்டி சொன்ன செய்திகள் எங்களுக்கு வியப்பளித்தன. மாமாவின் பாட்டு ஆசைக்கு வித்திட்டது இலங்கை வானொலி. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவை நம் கரையில் உள்ளூர் நிலையம் போல் தெளிவாகக் கேட்குமாம். கடல்நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் மத்திய அலை வரிசை நிலத்தைவிடக் கடலின் மேல் நெடுந்தூரம் செல்லும் என்பது அறிவியல். கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகிய அறிவிப்பாளர்களை வீட்டு மனிதர்களைப் போல் பாட்டி சொல்கிறார்கள். பாட்டுப் போடும்போது படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எல்லாவற்றையும் அவர்கள் சொல்வார்களாம். மாமாவின் அட்டையில் நான்கு விவரங்கள் இருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

கேட்டுக் கேட்டு எழுதிய பட்டியலைப் பாரதியார் சாலையில் இருந்த ஒரு ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கினார் மாமா. விடுமுறையில் வேலை செய்த முதல் கூலியில் வாங்கியது அது. தங்கைக்காக, அதாவது எங்கள் அம்மாவுக்காக. அம்மாவுக்கு அப்போது வயது பன்னிரண்டு.

அந்தப் பன்னிரண்டில் சிலவற்றை எம் தோழியரும் கேட்க வேண்டும் என்பது எங்கள் அவா. ‘சினிமாப் பாட்டா?’ என்று அருட்சகோதரிகள் கடிந்துகொள்ள மாட்டார்கள் என நம்புகிறோம்.

முதற்பாடல் ‘நிழல்கள்’ (1980) படத்தில் மாலை நேரத்தைப் பாடும் பாட்டு. கவிஞர் வைரமுத்து திரைக்கு எழுதிய முதல் பாடல் அது. எஸ். பி. பி. யின் குரலில் அவசரமே இல்லை. அடுத்தது ‘மூடுபனி’ (1980). 1976இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கிய இளையராஜாவுக்கு அது நூறாவது படம், நான்கே ஆண்டுகளில் நூறு! கிட்டார் முன்னே செல்ல யேசுதாஸ் அதன் பின்னே நடந்து வருவது போலப் பாடுகிறார். கிட்டாரை மட்டும் ஒருமுறை தனியே கவனித்துக் கேளுங்கள்.

மூன்றாவது ‘ஜானி’ (1980). கொட்டும் மழையில், கேட்பார் எவருமில்லாத மேடையில், ஒருவருக்காக ஒருத்தி பாடும் பாட்டு, எஸ். ஜானகியின் குரல். நான்காவது ‘ஒரு தலை ராகம்’ (1980); டி. எம். சௌந்தரராஜன் பாடிய சோகப் பாட்டு. பட்டியலில் இளையராஜா இசையமைக்காத ஒரே பாடல் இதுவே. எழுதி மெட்டமைத்த டி. ராஜேந்தர் நமக்கு அடுத்த ஊரான மயிலாடுதுறைக்காரர். படத்தில் வரும் கல்லூரிப் பிள்ளைகளும் ரயிலும் நம் பக்கத்து வாசனையோடு இருப்பதால் மாமாவுக்கு அதன் மேல் தனிப் பிரியமாம்.

‘மூன்றாம் பிறை’ (1982) படத்தின் தாலாட்டு கவியரசர் கண்ணதாசனின் கடைசித் திரைப்பாடல். 1981இல் அவர் மறைந்த பிறகே படம் வெளிவந்தது. மிகக் குறைந்த சொற்களில் எழுதப்பட்ட பாட்டு. கட்டுரைப் போட்டிக்குப் பக்கம் பக்கமாக எழுதும் நாம் அதனிடம் பாடம் கற்கலாம்.

‘ஆ’ பக்கம் ஓட்டத்தில் தொடங்குகிறது. ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ (1980) படத்தில் அதிகாலையில் இருவர் ஓடிக்கொண்டே பாடும் பாட்டில், ஓடும் காலடி ஓசையே தாளம். தங்கை அதைக் கேட்டதும் வீட்டைச் சுற்றி ஓடினாள். ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) ஜெயச்சந்திரனின் குரலுக்காக. அவர் 2025 ஜனவரி 9 அன்று மறைந்தார். ‘முதல் மரியாதை’ (1985) பாடல்களுக்காக வைரமுத்து தேசிய விருது பெற்றார். அதில் மலேசியா வாசுதேவன் பாடும்போது வயல்வெளியின் காற்றே வீசுகிறது.

‘சிந்து பைரவி’ (1985) பாட்டைப் பாட்டு வகுப்புக்குப் போகும் தோழியர் அவசியம் கேட்க வேண்டும். நாட்டுப்புற மெட்டில் தொடங்கி, தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனையில் சென்று கலக்கிறது. இப்பாட்டில் இரண்டும் ஒரே சாரமதி இராகத்தில் அமைந்துள்ளன. அதைப் பாடிய சித்ராவுக்கு அதுவே முதல் தேசிய விருது; இளையராஜாவும் அப்படத்துக்காகத் தேசிய விருது பெற்றார். அவரே 2025 மார்ச் 8 அன்று லண்டன் மாநகரில் தமது சிம்பொனியை அரங்கேற்றியதைச் செய்தியில் பார்த்தோம். பதினொன்றாவது ‘புன்னகை மன்னன்’ (1986); மின்னணுக் கருவிகளால் ஆன ஒலி அன்றைய காதுகளுக்குப் புதுமை. பன்னிரண்டாவது ‘மௌன ராகம்’ (1986), மீண்டும் எஸ். பி. பி.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். காலையில் எல்லாருமாகச் சென்று மாமாவின் கல்லறையில் மலர் தூவி, மெழுகுவர்த்தி ஏற்றி வந்தோம். மாலையில் அம்மா திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கைப்பேசியைப் பக்கத்தில் வைத்து முதற்பாட்டை ஒலிக்க விட்டோம். நிறுத்தச் சொல்வார்களோ என்று எங்கள் நெஞ்சு படபடத்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கை மட்டும் பூவை விட்டுவிட்டது.

முதற்பாட்டு முடிந்ததும் கைப்பேசி தானாக வேறு ஏதோ ஒரு பாட்டுக்குத் தாவியது. நாங்கள் பதறி எடுப்பதற்குள், “இது இல்லை. அடுத்தது யேசுதாஸ்” என்றார்கள் அம்மா. அட்டையைப் பார்க்கவே இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் அடுத்தது இன்னது என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஆறு பாட்டு முடிந்ததும், “இப்ப திருப்பிப் போடணும்” என்று சொல்லிச் சிரித்தார்கள். அந்தப் பாடல்களை எத்தனையோ பேர் பாடலாம், எத்தனையோ வானொலிகள் ஒலிபரப்பலாம். ஆனால் அந்த வரிசை எங்கள் மாமா ஒருவருடையது. நாடா அறுந்தும் அது அம்மாவிடம் அறாமல் இருந்தது.

கடைசிப் பாட்டில் அம்மாவும் மெல்லச் சேர்ந்து பாடினார்கள். அம்மாவுக்கு இவ்வளவு இனிய குரல் உண்டென்று அன்றுதான் அறிந்தோம். பாதிப் பாட்டில், ஓர் அடியின் நடுவில், சட்டென்று நிறுத்திவிட்டார்கள். அழுகிறார்களோ என்று பார்த்தோம். அழவில்லை.

“கேசட் இங்கேதான் முடியும். இதுக்கு மேல இடம் இல்லாமப் போச்சு. கடைக்காரர்கிட்ட சண்டை போட்டு வரேன்னு அண்ணன் கிளம்பிச்சு. நான்தான் பரவாயில்லைன்னு தடுத்தேன்” என்றார்கள்.

கைப்பேசியில் பாட்டு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அணைக்கக் கை நீட்டினோம். “இருக்கட்டும், முழுசாக் கேப்போம்” என்றார்கள். மூவரும் கடைசி வரை கேட்டோம். பிறகு, நாங்கள் கேட்காமலே, மாமாவைப் பற்றி அம்மா பேசத் தொடங்கினார்கள். இரவுச் செபத்துக்கு அன்று நேரமாகிவிட்டது.

அறுந்த நாடா இன்னும் அந்த டப்பாவில்தான் இருக்கிறது. நாங்கள் செய்தது சரியென்று ஆகிவிடாது. கேளாமல் எடுத்தது தவறே. ஆயினும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் காரைக்கால் பண்பலை வானொலி பாடுகிறது. சமையலறையிலிருந்து அம்மாவும் பாடுகிறார்கள்.

அன்புத் தோழியரே, உங்கள் வீட்டிலும் அப்பாவோ அம்மாவோ அத்தையோ எழுதி வைத்த ஒரு பட்டியல் எங்கேனும் இருக்கலாம். தேடிப் பாருங்கள். ஆனால் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு